புல்லின் பச்சையத்தை விண்ணிலிருந்து அளத்தல்

கென்யா நாட்டின் வடக்கே மார்சபிட் என்னும் வறண்ட பகுதி இருக்கிறது. அங்குள்ள மக்களில் பெரும்பாலோர் மாடு, ஆடு, ஒட்டகம் மேய்த்துப் பிழைப்பவர்கள். மழை பொய்த்தால் புல் காயும். புல் காய்ந்தால் கால்நடை மடியும். கால்நடை மடிந்தால் குடும்பமே நொடித்துப் போகும். 2010 ஜனவரியில் அங்கே ஒரு புதுமையான காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. சாதாரணமாக, ஒரு மாடு இறந்தால் காப்பீட்டு அதிகாரி நேரில் வந்து பார்த்துப் பணம் கொடுப்பார். மார்சபிட்டிலோ யாரும் வந்து பார்ப்பதில்லை. அந்த வட்டாரத்துத் தாவரங்கள் எவ்வளவு பசுமையாக உள்ளன என்பதை ஒரு செயற்கைக்கோள் வானிலிருந்து அளக்கிறது. பசுமை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் பணம் கொடுக்கப்படுகிறது. செத்த மாட்டை எண்ணாமல், மேலிருந்து புல்லை அளந்து ஈடு கொடுக்கும் ஏற்பாடு இது!

மேய்ப்பவருடைய வாழ்வு ஓர் எண்ணைப் பொறுத்து அமைகிறது என்றால், அந்த எண் எப்படிப் பிறக்கிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்பது நியாயந்தானே? அக்கேள்விக்கு விடை தேடிப் புறப்படுவோம். விடை ஒரு புல்லிதழுக்குள்ளே தொடங்குகிறது.

இலைக்குள் நுழையும் ஒளி

இலை ஏன் பச்சையாக இருக்கிறது? பச்சையம் இருப்பதால் என்று சிறு வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். சற்று நுணுக்கமாகப் பார்ப்போம். சூரிய ஒளியில் பல நிறக் கதிர்கள் கலந்துள்ளன. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அலைநீளம் உண்டு. நீல ஒளியின் அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர், பச்சை 550, சிவப்பு 650. (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர்.) பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் விரும்பி உட்கவர்ந்து, அந்த ஆற்றலைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. பச்சை ஒளியை அவ்வளவாக உட்கவர்வதில்லை. அதில் ஒரு பங்கு திரும்பி வந்து நம் கண்ணில் படுகிறது. இலை வேண்டாமென்று விட்ட ஒளியைத்தான் நாம் இலையின் நிறம் என்கிறோம்!

நலமான ஓர் இலையின் மேல் 100 பங்கு சிவப்பு ஒளி விழுந்தால், சுமார் 5 பங்குதான் எதிரொளித்துத் திரும்புகிறது. இலையில் பச்சையம் குறைந்தால் உட்கவரும் வேலையும் குறையும். திரும்பி வரும் சிவப்பு மிகும். ஆகவே, திரும்பி வரும் சிவப்பு ஒளி பச்சையத்தைப் பற்றிய முதல் சான்று.

இனி, நம் கண்ணுக்குத் தெரியாத பகுதிக்குப் போவோம். சிவப்புக்கு அப்பால், 750 நானோமீட்டருக்கு மேல் உள்ள கதிர்களை அண்மை அகச்சிவப்புக் கதிர்கள் என்கிறோம். இவற்றைப் பச்சையம் சிறிதும் சட்டை செய்வதில்லை. இலையின் உள்ளே எண்ணற்ற செல்கள். அவற்றுக்கிடையே காற்று நிரம்பிய இடைவெளிகள். ஈரமான செல்சுவரிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து சுவருக்குமாக மாறி மாறிச் செல்லும் அகச்சிவப்புக் கதிர் இங்குமங்கும் சிதறுகிறது. ஏறக்குறையப் பாதி மேலே திரும்பிவிடுகிறது. மீதியில் பெரும்பகுதி இலையைக் கடந்து கீழே போகிறது. கண்ணாடி ஒளி புகும் பொருள். அதையே பொடியாக்கினால் வெள்ளையாகத் தெரிகிறதல்லவா? அதே காரணந்தான் இங்கும்.

1910-ஆம் ஆண்டில் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலறிஞர் அகச்சிவப்பு ஒளியால் எடுத்த இயற்கைக் காட்சிப் படங்களை வெளியிட்டார். அவற்றில் மரங்கள் எல்லாம் பனி பெய்தது போல வெண்மையாக இருந்தன, வானமோ கறுத்திருந்தது. இலை சூடாக இருப்பதால் இப்படித் தெரிகிறது என்று எண்ணிவிடாதீர்கள். அது இலையின் வெப்பமன்று. இலை எதிரொளித்த சூரிய ஒளியே.

ஆக, பசும்புல்லுக்கு ஒரு தனி அடையாளம் கிடைத்துவிட்டது. சிவப்பில் அது கருமையானது. அண்மை அகச்சிவப்பில் அது வெண்மையானது. இப்படிப்பட்ட பெரிய வேறுபாடு மண்ணிடம் இல்லை. மண்ணின் எதிரொளிப்பு சிவப்பிலிருந்து அகச்சிவப்புக்கு மெல்ல மெல்லத்தான் ஏறுகிறது. காய்ந்த புல்லும் அப்படியே. பச்சையம் சிதைந்துவிட்டதால் சிவப்பு ஒளி தாராளமாகத் திரும்புகிறது, வேறுபாடு சுருங்கிவிடுகிறது.

வானிலே ஒரு கண்

1972 ஜூலை 23 அன்று அமெரிக்கா ஒரு செயற்கைக்கோளை ஏவியது. பின்னாளில் அதற்கு லேண்ட்சாட்-1 என்று பெயர் வந்தது. சுமார் 900 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் சுற்றிவந்த அது, 18 நாட்களுக்கு ஒரு முறை ஒரே இடத்தின் மேல் திரும்ப வந்தது. அதிலிருந்த ஒரு கருவி, தரையிலிருந்து வரும் ஒளியை நான்கு பட்டைகளாகப் பிரித்து அளந்தது. ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு, மற்ற இரண்டும் அண்மை அகச்சிவப்பு. ஏறத்தாழ 80 மீட்டர் நீளமும் 80 மீட்டர் அகலமும் உள்ள ஒரு சதுரம் அதற்கு ஒரு புள்ளி. ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலம் ஒரே புள்ளி!

அமெரிக்காவின் நடுவே டெக்சாஸிலிருந்து கனடா வரை விரிந்து கிடக்கும் பெருஞ்சமவெளி ஒரு மாபெரும் புல்வெளிப் பிரதேசம். வசந்தம் வந்ததும் தெற்கே தொடங்கும் பசுமை, ஓர் அலை போல வடக்கு நோக்கி நகரும். அந்தப் பசுமை அலையை விண்ணிலிருந்து பின்தொடர முடியுமா என்று டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ரௌஸ், டொனால்டு டீரிங் முதலியோர் ஆராய்ந்தனர்.

அவர்களுக்கு ஒரு தொல்லை ஏற்பட்டது. ஒரே நாளில் தெற்கே சூரியன் உயரத்தில் இருக்கும், வடக்கே தாழ்ந்திருக்கும். தாழ்ந்த சூரியன் தரும் ஒளி குறைவு. ஒரே அளவு புல் இருந்தாலும் வடக்கிலிருந்து வரும் ஒளி மங்கலாகவே இருக்கும். மங்கலுக்குக் காரணம் புல்லா, சூரியனா? இதைத் தீர்க்க அவர்கள் எளிய ஒரு கணக்கைக் கையாண்டனர். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழிப்பது. கிடைத்ததை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது.

குறியெண் = (அ − சி) ÷ (அ + சி)

இதில் அ என்பது அண்மை அகச்சிவப்பு. சி என்பது சிவப்பு. 1973-இல் அவர்கள் அறிவித்த இந்த முறை இன்று உலகெங்கும் பயன்படுகிறது. இயல்பாக்கிய தாவரக் குறியெண் என்று இதனைச் சொல்லலாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. வெறும் மண்ணில் சிவப்பு 20, அகச்சிவப்பு 25 என்றால், குறியெண் = 5 ÷ 45 = 0.11. நல்ல புல்லில் சிவப்பு 5, அகச்சிவப்பு 45 என்றால், 40 ÷ 50 = 0.80. இப்போது சூரியன் தாழ்ந்து, ஒளி பாதியாகக் குறைந்துவிட்டதென்று கொள்வோம். அதே புல்லிலிருந்து சிவப்பு 2.5, அகச்சிவப்பு 22.5 வரும். குறியெண் = 20 ÷ 25 = 0.80. மாறவில்லை! ஒளி கூடினாலும் குறைந்தாலும் மேலும் கீழும் ஒன்றுபோல் மாறுவதால் அந்தக் குறை நீங்கிவிடுகிறது. வகுத்தல் கணக்கின் அருமை இங்கே விளங்கும்.

புல்லை வெட்டினால்தான் உண்மை தெரியும்

இங்கே ஒரு முக்கியமான கேள்வி எழுகிறது. 0.80 என்றால் எவ்வளவு பச்சையம்? எத்தனை கிராம்? குறியெண்ணுக்கு அலகு கிடையாது. அது வெறும் விகிதம். அதைக் கிராமாக மாற்ற வானத்தில் எந்த வழியும் இல்லை. தரைக்கு வந்தாக வேண்டும்.

1970-களின் தொடக்கத்தில் காம்ப்டன் டக்கர் என்ற இளம் ஆய்வாளர் அந்த வேலையைச் செய்தார். கொலராடோ மாநிலத்தின் வடகிழக்கில் பானி என்னும் குறும்புல்வெளி உள்ளது. அங்கே மிகுதியாக வளர்வது புளூ கிராமா என்னும் குட்டைப் புல். கால் சதுர மீட்டர் அளவுள்ள சிறு சிறு சதுரங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றின் மேலும் நிறமாலைமானியை நிறுத்தி, எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி திரும்புகிறது என்று அளந்தனர். பிறகு அந்தச் சதுரத்திலுள்ள புல்லை வெட்டி எடுத்து, ஈர எடை, உலர் எடை, பச்சையத்தின் அளவு எல்லாவற்றையும் ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்தனர்.

பச்சையத்தை எப்படி அளப்பது? பரவலாக வழங்கும் முறை டேனியல் ஆர்னன் 1949-இல் வெளியிட்டது. எடை தெரிந்த பசும் இலையை, 80 விழுக்காடு அசிட்டோன் கொண்ட கரைசலில் நன்கு அரைத்து வடிகட்ட வேண்டும். பச்சையம் கரைந்து வந்துவிடும், சக்கை வெளுத்துப்போகும். இந்தப் பச்சைக் கரைசல் 663, 645 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உட்கவர்கிறது என்று கருவியில் அளக்கிறோம். 645-இல் கிடைத்த அளவை 20.2 ஆலும், 663-இல் கிடைத்ததை 8.02 ஆலும் பெருக்கிக் கூட்டினால், ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் பச்சையம் என்று தெரியும்.

எடுத்துக்காட்டாக, அளவுகள் 0.25, 0.60 என்றால், 5.05 + 4.81 = 9.86. அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம். ஒரு கிராம் புல்லை அரைத்து 100 மில்லிலிட்டர் ஆக்கியிருந்தால், அந்த ஒரு கிராமில் ஒரு மில்லிகிராம் பச்சையம். கால் சதுர மீட்டரில் 50 கிராம் பசும்புல் கிடைத்திருந்தால், அதில் 50 மில்லிகிராம். ஆகவே ஒரு சதுர மீட்டருக்கு 200 மில்லிகிராம்.

இப்படிப் பல சதுரங்களுக்குக் கணக்கிட்டு, வரைதாளில் கிடை அச்சில் குறியெண்ணையும் நிலை அச்சில் பச்சையத்தையும் குறித்தால் புள்ளிகள் ஒரு போக்கில் அமையும். அவற்றின் நடுவே ஒரு கோடு வரைந்துவிட்டால், இனிப் புதிய இடத்தின் குறியெண்ணைக் கொண்டு பச்சையத்தை மதிப்பிடலாம். மதிப்பிடலாம் என்றுதான் சொன்னேன். அளக்கலாம் என்று சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

அந்தக் கோடு சரியா என்று எப்படி அறிவது? கோடு வரையப் பயன்பட்ட புள்ளிகளையே சாட்சிக்கு அழைக்கக் கூடாது. தொடக்கத்திலேயே சில சதுரங்களைத் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும். கோடு வரைந்து முடிந்த பிறகு, ஒதுக்கி வைத்த சதுரங்களின் பச்சையத்தைக் கோட்டின் மூலம் கணித்து, வெட்டி அளந்த உண்மை அளவோடு ஒப்பிட வேண்டும். எவ்வளவு விலகல் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அறிவியல் மதிப்பீடு.

இன்னொரு சிக்கலும் உண்டு. லேண்ட்சாட்டின் ஒரு புள்ளி 6,400 சதுர மீட்டர். அதற்குள் கால் சதுர மீட்டர்ச் சதுரங்கள் 25,600 அடங்கும்! எல்லாவற்றையும் வெட்ட இயலாது. ஆகவே புல் ஓரளவு சீராக வளர்ந்த இடமாகப் பார்த்து, அதில் நம் விருப்பு வெறுப்பின்றிச் சில சதுரங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பசுமையான இடத்தை மட்டும் கண் தேடிப் போனால் கணக்கு முழுதும் பொய்யாகிவிடும்.

குறியெண் எங்கெல்லாம் ஏமாற்றும்?

முதல் ஏமாற்று, மண்ணினால் வருவது. புல் அடர்த்தியில்லாத இடங்களில் இடையிடையே மண் தெரியும். மழை பெய்து மண் நனைந்தால் கறுத்துவிடும். புல் சிறிதும் வளராத நிலையிலும் குறியெண் மாறித் தோன்றும். 1988-இல் ஆல்ஃபிரடோ ஹியூட் என்ற அறிஞர் குறியெண்ணின் கணக்கில் மண்ணுக்கென ஒரு திருத்தத்தைச் சேர்த்தார்.

இரண்டாவது, காய்ந்த புல். பழைய சருகுப் புல் பசும்புல்லை மறைத்து நிற்கும்போது பச்சையத்துக்கும் திரும்பும் ஒளிக்கும் உள்ள உறவு தளர்ந்துவிடும். கோடையில் வரைந்த கோட்டை அப்படியே இலையுதிர் காலத்துக்குப் பயன்படுத்த முடியாது.

மூன்றாவது மிகவும் சுவையானது. டக்கர் 1977-இல் இதைப் பற்றி எழுதினார். புல் ஓரளவு அடர்ந்துவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு வளர்ந்தாலும் சிவப்பு எதிரொளிப்பு குறைவதில்லை. விழுந்த சிவப்பில் பெரும்பகுதியை ஏற்கெனவே பச்சையம் உட்கவர்ந்துவிட்டது. இன்னும் உட்கவர மிச்சம் எங்கே இருக்கிறது? சர்க்கரைக் கரைசல் தெவிட்டிய பிறகு எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அடியில் தங்குவது போல, குறியெண்ணும் ஒரு தெவிட்டு நிலையை அடைகிறது. சிவப்பு 3, அகச்சிவப்பு 47 என்றால் குறியெண் 0.88. புல் இன்னும் அடர்ந்து சிவப்பு 2.8, அகச்சிவப்பு 50 ஆனால் குறியெண் 0.89. புல்லின் அளவு வெகுவாகக் கூடியிருக்கலாம், எண்ணோ அசையவில்லை.

சிவப்பின் விளிம்பிலே

இதற்கு மாற்று உண்டா? உண்டு. இரண்டு டம்ளர்களில் கெட்டியான காப்பி டிகாஷன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மற்றதைவிட இரு மடங்கு கெட்டி. பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்புதான். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு கரண்டி எடுத்துச் சம அளவு நீரில் கலந்தால், எது கெட்டி என்று நிறமே சொல்லிவிடும். ஒளி முழுவதும் தடைபட்டால் வேறுபாடு தெரியாது. ஓரளவு ஊடுருவினால்தான் தெரியும்.

இலையில் நீர் கலக்க முடியாது. ஆனால், பச்சையம் குறைவாக உட்கவரும் ஓர் அலைநீளத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 680 நானோமீட்டரில் 5 விழுக்காடாக இருக்கும் எதிரொளிப்பு, 750-க்குள் 45 விழுக்காடு வரை செங்குத்தாக ஏறுகிறது. இந்த ஏற்றத்துக்குச் சிவப்பு விளிம்பு என்று பெயர். இங்கே பச்சையம் வலுவாக உட்கவர்வதில்லை. அதே சமயம் முற்றிலும் விட்டுவிடுவதுமில்லை. எனவே ஒளி இலைக்குள் ஆழமாகப் போய் நிறையப் பச்சையத்தைச் சந்தித்துத் திரும்புகிறது. பச்சையம் கூடினால், இந்தச் செங்குத்து ஏற்றம் நீண்ட அலைநீளத்தின் பக்கமாகச் சற்றே நகர்ந்துவிடும். 1983-இல் ஹார்லரும் அவருடைய தோழர்களும் இந்த நகர்வை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள்.

லேண்ட்சாட்-1 இந்த விளிம்பைத் தனியே அளக்க இயலாதது. அதன் பட்டைகள் ஒவ்வொன்றும் 100 நானோமீட்டரோ அதற்கு மேலோ அகலமானவை. 2015 ஜூனில் ஐரோப்பியர் ஏவிய சென்டினல்-2 வரிசையின் முதற்கோளில் 705, 740, 783 நானோமீட்டர் ஆகிய இடங்களில் குறுகிய பட்டைகள் அமைக்கப்பட்டன. இவற்றில் ஒரு புள்ளி 20 மீட்டர். 2017-இல் இரண்டாவது கோள் சேர்ந்தபின், ஒரே இடத்தை ஐந்து நாட்களுக்கு ஒரு முறை பார்க்க வழி பிறந்தது.

அனடோலி கிட்டல்சன் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் இதற்கேற்ற எளிய கணக்கு ஒன்றைத் தந்தனர். அகச்சிவப்பை விளிம்பின் எதிரொளிப்பால் வகுத்து ஒன்றைக் கழிப்பதுதான் அது. அகச்சிவப்பு 45, விளிம்பு 15 என்றால் 3 − 1 = 2. பச்சையம் மிகுந்து விளிம்பு 10 ஆனால் 4.5 − 1 = 3.5. தெவிட்டு நிலையில் தூங்கிய எண் இங்கே விழித்துக்கொண்டு உயர்வதைப் பாருங்கள்.

வெளிறிய அடர்புல்லா, கரும்பச்சை அருகிய புல்லா?

பச்சையத்தை நன்றாக மதிப்பிட்டுவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு புதிர் பாக்கி. மேலிருந்து பார்க்கும் கருவி ஒரு சதுர மீட்டர் தரையின் மேல் உள்ள மொத்தப் பச்சையத்தையே உணர்கிறது. இதில் இரண்டு அளவுகள் பெருக்கலாகக் கலந்துள்ளன. ஒன்று, இலையின் ஒரு சதுர மீட்டர் பரப்பில் எவ்வளவு பச்சையம் என்பது. மற்றது, ஒரு சதுர மீட்டர் தரைக்கு எத்தனை சதுர மீட்டர் இலை என்பது.

முதல் வெளியில் இலை கரும்பச்சை. சதுர மீட்டர் இலைக்கு 0.4 கிராம். ஆனால் புல் அருகியது. இலைப் பரப்பு 1. பெருக்கினால் 0.4 கிராம். இரண்டாவது வெளியில் புல் அடர்ந்தது. இலைப் பரப்பு 2. ஆனால் இலை வெளிறியது, 0.2 கிராம்தான். பெருக்கினால் அதே 0.4 கிராம். விண்ணிலிருந்து இரண்டும் ஒன்று போலவே தோன்றலாம். மேயும் மாட்டுக்கு அவை ஒன்றல்ல. பச்சையத்தின் ஒரு மூலக்கூறில் நான்கு நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. மண்ணில் நைட்ரஜன் குறைந்தால் இலை வெளிறும்; புல்லின் புரதச் சத்தும் குறையும். முதல் வெளியில் தீவனம் குறைவு, சத்து மிகுதி; இரண்டாவதில் தீவனம் மிகுதி, சத்து குறைவு. இந்த இரண்டையும் பிரித்தறிய, இலைப் பரப்பைத் தனியே மதிப்பிட வேறு அலைநீளங்களின் துணை வேண்டும். தரையில் சில இடங்களையாவது நேரில் போய்ப் பார்த்தல் வேண்டும்.

நம் நாடும் இத்துறையில் பின்தங்கியிருக்கவில்லை. 1988 மார்ச் 17-இல் விண்ணில் செலுத்தப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ என்னும் இந்தியச் செயற்கைக்கோளில் சிவப்பு, அண்மை அகச்சிவப்புப் பட்டைகள் இரண்டும் இருந்தன. மேலே சொன்ன அதே கழித்தலும் வகுத்தலும் அதன் படங்களுக்கும் பொருந்தும்.

மீண்டும் மார்சபிட்டுக்கு

இப்போது மார்சபிட் மேய்ப்பவரிடம் திரும்புவோம். 2010, 2011 ஆண்டுகளில் கிழக்கு ஆப்பிரிக்காவில் கடும் வறட்சி ஏற்பட்டது. செயற்கைக்கோள் காட்டிய குறியெண் வீழ்ந்தது. 2011 அக்டோபரில் அத்திட்டத்தின் முதல் ஈட்டுத்தொகை வழங்கப்பட்டது. சாலை வசதியற்ற பரந்த நிலத்தில் ஒவ்வொரு மந்தையாகத் தேடிப்போய் எண்ணியிருந்தால், காப்பீட்டுச் செலவே காப்பீட்டைத் தின்றிருக்கும். பொய்க் கணக்கு காட்டவும் இங்கே இடமில்லை. செயற்கைக்கோளிடம் யாரும் சிபாரிசுக்குப் போக முடியாதல்லவா?

பின்னாளில் இன்னொரு மாற்றமும் செய்தார்கள். முதலில், கால்நடைகள் எத்தனை விழுக்காடு இறந்திருக்கும் என்று குறியெண்ணிலிருந்து கணித்துப் பணம் கொடுத்தனர். பிறகு, தீவனப் பற்றாக்குறை தோன்றியதுமே கொடுக்கும்படி மாற்றினர். மாடு செத்த பின் வரும் பணத்தைவிட, தீவனமும் நீரும் வாங்க மாடு உயிரோடிருக்கும்போதே வரும் பணம் பயன் மிகுந்தது.

ஆயினும் நாம் கண்ட ஏமாற்றுகள் அங்கும் உண்டு. மாடு தொடாத முட்புதர் தழைத்திருந்தாலும் செயற்கைக்கோளுக்கு அது பசுமைதான். ஒரு பெரிய வட்டாரத்தின் சராசரி நன்றாக இருக்கும். அதன் ஒரு மூலையில் மட்டும் மழை பெய்யாமல் ஒரு குடும்பத்தின் மந்தை அழிந்திருக்கும். அந்தக் குடும்பத்துக்கு எண் துணை செய்யாது. எண்ணில் உள்ள பிழை வரைதாளில் ஒரு புள்ளியின் விலகல். அவர்களுக்கோ அது ஒரு வருடத்துச் சோறு. ஆகவேதான் புல்லை வெட்டிப் பார்க்கும் வேலை ஒருநாளும் முடிந்துவிடுவதில்லை. மேலே எவ்வளவு நுண்ணிய கருவி பறந்தாலும், கீழே ஒருவர் கத்தரிக்கோலும் தராசும் எடுத்துக்கொண்டு புல்வெளியில் குனிந்தாக வேண்டும்.

செய்து பாருங்கள்

1. சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து, அதன் வழியே ஒரு பசும் இலையையும், பழுத்து மஞ்சளான இலையையும், செம்பருத்திப் பூவையும் பாருங்கள். எது மிகவும் கருமையாகத் தெரிகிறது? ஏன்?

2. தொலைக்காட்சிப் பெட்டியை இயக்கும் கைக்கருவியின் முனையில் உள்ள சிறு விளக்கு அண்மை அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. அந்த முனையை ஒரு பசும் இலையால் மூடிப் பொத்தானை அழுத்துங்கள். பெட்டி கட்டளையை ஏற்கிறதா? இலைகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, எத்தனை இலை வரை ஏற்கிறது என்று குறித்து வையுங்கள். பிறகு ஒரு தடித்த அட்டையால் மூடிப் பாருங்கள்.

3. ஓரிடத்தில் சிவப்பு 8, அகச்சிவப்பு 40. மற்றோரிடத்தில் சிவப்பு 4, அகச்சிவப்பு 20. இரண்டின் குறியெண்களையும் கணக்கிடுங்கள். இவ்விரண்டு இடங்களிலும் புல் ஒரே அளவுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? சொல்வதற்கு முன் வேறு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? வகுப்பில் நண்பர்களுடன் விவாதித்துப் பாருங்கள்.